பதில்களை மனனம் செய்யாதீர்கள், புத்தகத்தை வாசியுங்கள்

பிரித்தானியக் குடியுரிமைக்கான பரீட்சையில் மூன்று முறை சித்தியடையாமல் என் மாலை வகுப்புக்கு வந்த ஓர் அக்கா, கைப்பேசிச் செயலியில் இருந்த நானூறு கேள்விகளையும் பதில்களையும் மனப்பாடமாக ஒப்புவித்தார். "பெண்கள் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை பெற்றது எப்போது?" என்று கேட்டேன். "1928" என்று உடனே வந்தது. "அப்படியானால் 1918இல் என்ன நடந்தது?" என்றேன். நின்றுவிட்டார். சொத்துத் தகுதி உள்ள, 30 வயது நிரம்பிய பெண்களுக்கு அந்த ஆண்டில்தான் முதன்முதலாக வாக்குரிமை வந்தது. ஆண்களைப் போல 21 வயதிலேயே வாக்களிக்கலாம் என்று ஆவதற்கு மேலும் பத்து ஆண்டுகள் பிடித்தன. அவருடைய பட்டியலில் அந்தப் பத்து ஆண்டுகள் இல்லை.

பிரித்தானியாவில் நிரந்தர வதிவிட உரிமைக்கும் குடியுரிமைக்கும் எழுத வேண்டிய 'லைஃப் இன் த யூகே' பரீட்சையில் நம்மவர்கள் தடுக்கி விழுவதை நான் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பார்க்கிறேன். அறிவுக் குறைவு காரணமில்லை. 45 நிமிடத்தில் 24 கேள்விகள், சித்தியடைய 18 சரியாக இருக்க வேண்டும். கேள்விகள் எல்லாம் அரசின் கைநூலில் இருந்தே வருகின்றன. 2013இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பே அந்தக் கைநூல். ஆனால் அதே செய்தியை வேறு சொற்களில், வேறு பக்கத்திலிருந்து கேட்பார்கள். செயலிகளும் மாதிரித் தாள்களும் நம்மைச் சோதித்துப் பார்க்க உதவும். கற்பிக்க அவற்றால் முடியாது.

புத்தகத்தில் வரலாற்று அத்தியாயம்தான் எல்லோரையும் மிரட்டுகிறது. ஆண்டுகளைத் தனித்தனியாகப் படித்தால் மிரட்டத்தான் செய்யும். வகுப்பில் நான் ஒரே ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு தொடங்குவேன்: அரசனின் கையில் இருந்த அதிகாரம் மெல்ல மெல்ல எப்படி மக்களிடம் வந்தது? 1215இல் ஜான் மன்னன் பிரபுக்களின் நெருக்குதலால் மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்துக்கு உடன்படுகிறான்; அரசனும் சட்டத்துக்கு உட்பட்டவனே என்ற எண்ணம் அங்கே எழுத்தில் வருகிறது. 1649இல் நாடாளுமன்றத்தோடு போரிட்டுத் தோற்ற முதலாம் சார்ல்ஸ் தலையை இழக்கிறான். 1689இன் உரிமைகள் சட்டத்துக்குப் பிறகு, நாடாளுமன்றத்தின் சம்மதமின்றி வரி விதிக்கும் அதிகாரம் மன்னருக்கு இல்லை. 1832 சீர்திருத்தச் சட்டம் வாக்காளர் வட்டத்தைக் கொஞ்சம் விரிக்கிறது. பிறகு 1918, 1928. கடைசியாக 1969இல் வாக்களிக்கும் வயது 18 ஆகிறது. ஏழு ஆண்டுகள், ஒரே கதை. இதைச் சொல்லத் தெரிந்தவருக்கு இடையில் வரும், 1588இல் இங்கிலாந்து முறியடித்த ஸ்பானியக் கடற்படையும் 1805இல் நெப்போலியனின் கடற்படையை வென்ற ட்ரஃபால்கர் போரும் தாமாகத் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நம் சொந்த வரலாற்றையும் பக்கத்தில் வையுங்கள். இலங்கையில் 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது 1931இல், டொனமூர் அரசியலமைப்பின் கீழ். பிரித்தானியப் பெண்களுக்குச் சம வாக்குரிமை கிடைத்து மூன்றே ஆண்டுகளில்! இதைச் சொன்ன நாளில் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அதன்பின் 1928ஐ ஒருவரும் மறக்கவில்லை. அதேபோல, 1833இல் பேரரசு எங்கும் அடிமை முறை ஒழிக்கப்பட்டதாகச் சொல்லிவிட்டு, விடுதலையான அடிமைகளின் இடத்தில் இருபது இலட்சம் இந்திய, சீனத் தொழிலாளர்கள் அமர்த்தப்பட்டார்கள் என்று கைநூல் ஒரு வரியில் கடந்துபோகிறது. 1860இல் மதராஸிலிருந்து கப்பலேறி தென்னாபிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறார்கள். அந்த இடத்தில் நான் வேகமாகப் பக்கம் திருப்புவதில்லை.

இலங்கையில் பிறந்தவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஓர் இடம் உண்டு. 1947இல் இந்தியா, பாகிஸ்தான், சிலோன் உள்ளிட்ட ஒன்பது நாடுகளுக்குச் சுதந்திரம் வழங்கப்பட்டதாகக் கைநூல் சொல்கிறது. இலங்கை சுதந்திரம் பெற்றது 1948 பெப்ரவரி 4 அன்று என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். "ரீச்சர், புத்தகம் பிழை, நான் என்ன எழுதுவது?" என்று கேட்கிறார்கள். பரீட்சைத் திரைக்கு முன் உட்கார்ந்திருக்கும் 45 நிமிடத்தில் புத்தகத்தின்படியே பதிலளியுங்கள். வெளியே வந்து உண்மையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இந்தக் கைநூல் அடிமை முறையையும் பேரரசையும் சொல்லும் விதத்தை 2020இல் வரலாற்றாசிரியர்கள் பலர் பகிரங்கக் கடிதம் எழுதிக் கண்டித்தார்கள். அவர்களின் பக்கமே நானும். பரீட்சையைத் திருத்த வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. அதற்காக இன்றைய பரீட்சையில் மதிப்பெண்ணை இழக்க வேண்டியதில்லை.

ஆங்கிலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது வரலாற்றுப் பரீட்சை என்று பெயர், ஆனால் பாதி வாசிப்புப் பரீட்சை. சில கேள்விகளுக்கு இரண்டு விடைகளைத் தெரிவு செய்ய வேண்டும். அவசரத்தில் ஒன்றை மட்டும் அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். 'மட்டும்', 'இல்லை', 'எல்லாம்' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைக் கண் தாண்டிவிடுகிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் உரிய காவல் புனிதரின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 1 வேல்ஸ், மார்ச் 17 வட அயர்லாந்து, ஏப்ரல் 23 இங்கிலாந்து, நவம்பர் 30 ஸ்கொட்லாந்து. இவற்றைப் பாடமாக்கிவிடுகிறார்கள். ஆனால் அரச விடுமுறை ஸ்கொட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் மட்டுமே என்ற வரியைக் கவனிப்பதில்லை. கிரேட் பிரிட்டன் வேறு, ஐக்கிய இராச்சியம் வேறு. முன்னதில் வட அயர்லாந்து சேராது. சானல் தீவுகளும் ஐல் ஒவ் மான் தீவும் இரண்டிலுமே சேராதவை. நாம் எல்லாவற்றையும் 'லண்டன்' என்றே சொல்லிப் பழகிவிட்டதால் இது சிரமமாக இருக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு பக்கம் போதும், சத்தமாக வாசியுங்கள். பள்ளிக்கூடத்தால் வந்த மகளையோ மகனையோ பக்கத்தில் இருத்தி, வாசித்ததைத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். தமிழில் சொல்ல முடிந்தால்தான் விளங்கியிருக்கிறது.

இனி, பெயர். படித்துத் தயாரான ஒருவர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டதை நான் மறக்கவில்லை. கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராக இருந்தது; பதிவு செய்து கொடுத்த நண்பர் இரண்டையும் இடம் மாற்றிவிட்டார். கட்டிய 50 பவுண் போனது, விண்ணப்பமும் தள்ளிப்போனது. முதலெழுத்து, தந்தை பெயர், ஒற்றைப் பெயர் என்று நம் பெயர்கள் பல விதம். அடையாள ஆவணத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்துப் பதியுங்கள், பதிந்த அதே ஆவணத்தையே கொண்டுபோங்கள். பதிவு அரசின் இணையதளத்தில் மட்டும். கூடுதல் காசு கேட்கும் இடைத்தரகர் எவரும் வேண்டாம். பிள்ளைகளையோ உறவினரையோ நிலையத்துக்குக் கூட்டிச் செல்ல முடியாது என்பதால், குழந்தையைப் பார்க்க ஆளை முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். "ஆள் வைத்து எழுதித் தருகிறோம்" என்று ஒருவர் அணுகினால் அந்த இடத்தை விட்டே விலகுங்கள். அது குற்றம், பிடிபட்டால் பரீட்சையோடு நில்லாது, நன்னடத்தை பார்க்கப்படும் குடியுரிமையே கைநழுவும்.

தவறிவிட்டால் ஏழு நாள் கழித்து மீண்டும் எழுதலாம், எத்தனை முறை என்ற வரம்பு இல்லை; ஆனால் ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டு. விண்ணப்பிக்கும்போது 65 வயது ஆனவர்களுக்குப் பரீட்சையே இல்லை. 64 வயதில் தூக்கம் கெட்டுப் படித்துக்கொண்டிருக்கும் அம்மாவை, வேறு அவசரம் இல்லையென்றால், பிறந்தநாள் வரை பொறுக்கச் சொல்லுங்கள். நீண்டகால உடல் அல்லது மனநோயால் படிக்கவே இயலாதவர்களுக்கும் விலக்கு உண்டு. அதற்கு மருத்துவர் உரிய படிவத்தில் எழுதித்தர வேண்டும். நீரிழிவு இருக்கிறது என்ற ஒரே காரணம் போதாது. பேச்சு ஆங்கிலத் தகுதியை இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்: 2013 ஒக்டோபர் 28 முதல் அது தனி நிபந்தனை, இரண்டும் வேண்டும்.

சித்தியடைந்ததும் ஒரு தனி இலக்கம் தருவார்கள். அதற்குக் காலாவதி இல்லை. வதிவிட உரிமைக்காக எழுதியவர் குடியுரிமைக்கு மறுபடி எழுத வேண்டாம், அதே இலக்கம் போதும். கைப்பேசி தொலைந்து அந்த இலக்கத்தைத் தேடி என்னிடம் வந்தவர்கள் பலர். ஒரு தாளில் எழுதிக் கடவுச்சீட்டோடு சேர்த்து வையுங்கள். 2019 டிசம்பர் 17க்கு முன் எழுதியவர்களிடம் இலக்கத்துக்குப் பதிலாகக் கடிதம் இருக்கும். அலமாரியில் அது பத்திரமாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.