அடையாறு முகத்துவாரம் ஏன் மூடிக்குது?

பெசன்ட் நகர் பக்கம் சுத்துனவங்க புரோக்கன் பிரிட்ஜை பாத்திருப்பீங்க. மீனவங்க ஆத்தைத் தாண்டி நடந்து போறதுக்காக 1967ல கட்டுன பாலம், பத்தே வருஷத்துல தண்ணி இழுப்பு தாங்காம 1977ல ஒடைஞ்சிடுச்சு. ஆனா கோடையில அதே எடத்துக்குப் போனா ஆறு கடல்ல சேர்ற வாய்க்கு குறுக்க மணல் மேடு போட்டிருக்கும், உள்ள தண்ணி கறுப்பா தேங்கி நிக்கும். ஒரு பாலத்தையே ஒடைச்ச ஆத்தை வெறும் மணல் எப்படி மறிக்குது?

முதல்ல மணலைப் பத்தி. பீச்சுல இருக்கற மணல் அங்கேயே கெடக்குதுன்னு நாம நெனைக்கறோம், கெடக்கல, நடந்துகிட்டே இருக்கு. அலை கரைக்கு நேரா வராம சாய்வா வரும், மணலை சாய்வா மேல தள்ளிட்டு திரும்பும்போது சரிவுல நேரா கீழ எறங்கிடும், அடுத்த அலை மறுபடி சாய்வா தள்ளும், இப்படி ஒவ்வொரு மணலும் வளைஞ்சு வளைஞ்சு கரையோரமா பயணம் பண்ணுது. தென்மேற்குப் பருவக்காத்து மாசங்கள்ல வடக்கு நோக்கிப் போகும், வாடைக்காத்து காலத்துல கொஞ்சம் தெற்க வரும், வருஷக் கணக்கு போட்டுப் பாத்தா சென்னைக் கரையில வடக்க போறதுதான் ஜாஸ்தி, லட்சக்கணக்கான கன மீட்டர். மெரினா இவ்ளோ அகலமா இருக்கறதுக்கும் இதான் காரணம். 1870கள்ல துறைமுகச் சுவர் கட்ட ஆரம்பிச்சாங்க, தெற்கேர்ந்து வந்த மணல் அதுல முட்டி சேர்ந்துகிட்டே போச்சு, அதே மணல் கெடைக்காம வடக்க ராயபுரம் பக்கம் கரையை கடல் தின்னுடுச்சு.

இப்படி நடந்து வர்ற மணல் அடையாறு வாய்கிட்ட வந்ததும் ஆத்தைத் தாண்டணும். தெற்கு கரையிலேர்ந்து நாக்கு மாதிரி நீண்டுகிட்டே வரும். அதை வெட்டி விடறது யாருன்னா, ஆத்துத் தண்ணி மட்டும் இல்ல, கோடையில ஆத்துல ஓட்டமே கெடையாதே, அப்போ முழு வேலையும் ஓதத்தோடது, அதாவது கடல் தெனமும் ஏறி எறங்கறதோடது. கடல் ஏறும்போது தண்ணி உள்ள போய் கழிமுகம் முழுக்க பரவும், எறங்கும்போது அத்தனையும் அந்த சின்ன வாய் வழியா வேகமா வெளிய வரணும், அந்த வேகம்தான் மணலை வாரிட்டுப் போகுது. சென்னையில ஓதம் ரொம்ப ஏறினாலே சுமார் ஒரு மீட்டர்தான், அதனால உள்ள எவ்ளோ எடம் இருக்குங்கறதுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது. எடம் பாதியானா உள்ள போற தண்ணியும் ஏறக்குறைய பாதி, வேகம் விழுந்துடும், மணல் ஜெயிச்சிடும். கழிமுகத்துல கட்டட இடிபாடு கொட்டறது, ஓரத்துல கட்டடம் கட்டறது, சேறு மேடாகறது எல்லாமே நேரா முகத்துவாரத்தை மூடற வேலை. இது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம், ஏன்னா நாம ஜேசிபி வெச்சு வாயில இருக்கற மணலை மட்டும் தோண்டிகிட்டு இருக்கோம், உள்ள எடம் குறைஞ்சிருந்தா அந்த வெட்டு ரொம்ப நாள் நிக்காது.

அப்புறம் புயல் வரும், மாசக்கணக்கா நடந்ததை ஒரே ராத்திரியில மாத்திடும். பெரிய அலைங்க கரை மணலை அரிச்சு கொஞ்ச தூரம் கடலுக்குள்ள கொண்டு போய் தண்ணிக்கு அடியில ஒரு மேடா போடும், அந்த மேட்டுல முட்டி அடுத்து வர்ற அலைங்க வேகம் கொறையும், அதாவது கரை தன்னையே கொடுத்து தன்னைக் காப்பாத்திக்குது. கடல் அமைதியானதும் சின்ன அலைங்க அதை மெதுவா திருப்பிக் கொண்டாந்து சேக்கும். நம்ம கட்டுனது அப்படித் திரும்பி வராது, 2022 டிசம்பர்ல மாண்டஸ் புயலப்போ மெரினாவுல மாற்றுத்திறனாளிங்களுக்காக புதுசா போட்ட மரப்பாதையை அலை பேத்துடுச்சு, தெறந்து ரெண்டு வாரம் கூட ஆகல.

மணல் திட்டு தாழ்வா இருந்தா கடல் அது மேலயே ஏறிப் போகும், முன்பக்க மணலை எடுத்து பின்னாடி காயல் பக்கம் கொட்டும், இப்படியே பல புயல் அடிச்சா திட்டு அழியாம நிலத்தை நோக்கி உருண்டு வர்ற மாதிரி நகரும். இன்னொரு பக்கம், புயல் மழையில ஆறு பொங்குனா உடைப்பு உள்ளேர்ந்தும் வரும். 2015 டிசம்பர் வெள்ளத்துல அடையாத்துக்குத் தண்ணி விடற செம்பரம்பாக்கம் ஏரியிலேர்ந்து மட்டும் விநாடிக்கு 29,000 கன அடி தெறந்து விட்டாங்க, அதோட வழியில சேர்ந்த தண்ணியும் வேற, அந்த வேகத்துக்கு முன்னாடி எந்த மணல் மேடும் நிக்காது.

வாய் தெறந்தா உள்ள உயிர் வரும். ஒடிசாவுல சிலிகா ஏரியோட வாய் தூர்ந்து உப்புத்தன்மை கொறைஞ்சு மீன் பாடே சரிஞ்சு போச்சு, 2000 செப்டம்பர்ல புது வாய் வெட்டுனாங்க, கடல் தண்ணி ஏறுச்சு, மீனும் எறாலும் நண்டும் பல மடங்கு கூடுச்சு. பழவேற்காட்டு மீனவங்க முகத்துவாரத்தைத் தூர் வாருங்கன்னு வருஷக்கணக்கா கேக்கறது இதுக்காகத்தான். ஆனா கேக்கற எடத்துல எல்லாம் கல்லு சுவரோ தூண்டில் வளைவோ (கரையிலேர்ந்து கடலுக்குள்ள நீட்டிப் போடற கல் தடுப்பு) போட்டா, தெற்கு பக்கம் மணல் சேரும், அதுக்கு வடக்க இருக்கற குப்பத்துக்கு வர வேண்டிய மணல் வராது, ராயபுரத்துக்கு நடந்ததுதான் அங்கயும் நடக்கும்.