மாற்று: எத்தனை மாற்று?

தேர்தல் நெருங்கினால் டீக்கடையில் தவறாமல் விழும் கேள்வி ஒன்று உண்டு. "சரி, இவங்க வேண்டாம். ஆல்டர்நேட்டிவ் யாரு?" கேட்கிறவர் பெரும்பாலும் ஒரே கட்சிக்குப் பல வருஷம் ஓட்டுப் போட்டு, மனசு விட்டுப்போனவராக இருப்பார்.

'ஆல்டர்நேட்டிவ்' லத்தீனிலிருந்து வந்த சொல். அதன் வேர் 'ஆல்டர்'. பலரில் வேறொருவர் என்று சொல்ல லத்தீனில் 'ஆலியுஸ்' என்று தனிச்சொல் இருந்தது. 'ஆல்டர்' என்றால் இருவரில் மற்றவர். அதிலிருந்தே மாறி மாறிச் செய்வதைக் குறிக்கும் வினையும் பிறந்தது. அதனால்தான் பழைய ஆங்கில இலக்கணக்காரர்கள் 'மூன்றாவது ஆல்டர்நேட்டிவ்' என்று எழுதுவதைப் பிழை என்றார்கள். அந்தச் சொல்லுக்குள் இருப்பது இரண்டே நாற்காலி.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் மாற்று. 'மாறு' என்ற வினையின் பிறவினை வடிவம். மாறி மாறி என்பதும் இதே வேர்தான். 1967 முதல் 2021 வரை தமிழ்நாட்டில் நடந்த சட்டமன்றத் தேர்தல் எல்லாவற்றிலும் ஆட்சியைப் பிடித்தது தி.மு.க. அல்லது அ.தி.மு.க. 'மாறி மாறி' சலித்துப்போய்த்தான் மக்கள் 'மாற்று' தேடுகிறார்கள். சலிப்பும் தேடலும் ஒரே வேரிலிருந்து வருவதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஆனால் தமிழ்ச் சொல் லத்தீன் சொல்லோடு நின்றுவிடவில்லை. குளிக்கப் போகும்போது எடுத்துப்போவது மாற்றுத்துணி. விஷத்தை முறிப்பது மாற்று மருந்து. மாற்றான் என்றால் பகைவன். குறளில் 'அவையஞ்சா மாற்றங் கொடுத்தற் பொருட்டு' என்று வருமிடத்தில் மாற்றம் என்பது மறுமொழி. இவற்றையெல்லாம் விட அரசியலுக்குப் பொருந்துவது தங்கத்தின் மாற்று, அதாவது அதன் சுத்தத்தின் அளவு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 'தண்டவாணி' என்ற தரப்பொன்னோடு ஒப்பிட்டு, கொடுக்கப்பட்ட பொன் எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று மாற்றுக் கணக்கு வெட்டியிருக்கிறார்கள். பத்தரை மாற்றுத் தங்கம் என்று இன்றும் சொல்கிறோமே, அந்த மாற்று.

எங்கள் சித்தப்பா நகைப்பட்டறை வைத்திருந்தார். கறுப்பு உரைகல்லில் வந்த நகையை ஒரு இழுப்பு, பக்கத்திலேயே தரம் தெரிந்த பொன்னை ஒரு இழுப்பு. இரண்டு கோட்டின் மேலும் திராவகத்தை ஒரு சொட்டு தொட்டு வைப்பார். கலப்படம் இருந்தால் கோடு பச்சையாகக் கலங்கிக் கரையும். கல்யாண வீட்டுக்கும் கட்சிக் கரை வேட்டியோடு போகிற மனுஷர் அவர். 2006 தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால், ஒருநாள் கரையில்லாத வெள்ளை வேட்டியில் பட்டறையில் உட்கார்ந்திருந்தார். "என்ன சித்தப்பா?" என்றேன். "நம்மாளுங்க மாத்துக் குறைஞ்சுட்டாங்கடா" என்றார். குரலில் கோபம் இல்லை, துக்கம்தான் இருந்தது. புதுக் கட்சிகளைப் பற்றிக் கேட்டபோதும் அதே பட்டறைப் பேச்சுத்தான்: "உரசிப் பாத்தாத்தான் தெரியும்."

உரசிப் பார்த்த வரலாறு நம்மிடம் இருக்கிறது. 1989இல் மூப்பனார் தலைமையில் தனித்து நின்ற காங்கிரஸ் 26 இடங்களை வென்றது. 2006இல் தே.மு.தி.க. சுமார் 8 சதவீத வாக்கு வாங்கியது. வென்ற ஒரே தொகுதி விஜயகாந்த் நின்ற விருத்தாசலம். அடுத்த சட்டமன்றத் தேர்தலிலேயே, 2011இல், அந்தக் கட்சி அ.தி.மு.க. கூட்டணிக்குள் போய் 29 இடங்கள் பெற்றது, அவர் எதிர்க்கட்சித் தலைவரானார். அப்புறம் 2016இல் மக்கள் நலக் கூட்டணியோடு சேர்ந்து நின்றபோது கூட்டணிக்கே ஒரு தொகுதிகூடக் கிடைக்கவில்லை. உளுந்தூர்பேட்டையில் விஜயகாந்த் டெபாசிட் இழந்தார். அதிக வாக்கு வாங்கியவரே வெற்றி என்ற நம் தேர்தல் முறையில், மாநிலமெங்கும் சிதறிக் கிடக்கும் 8 சதவீதம் இடங்களாக மாறுவது மிகக் கடினம். அதனால்தான் மாற்று என்று கிளம்புகிறவர்கள் சீக்கிரமே இரண்டில் ஒரு கூடாரத்தைத் தேடிப் போகிறார்கள். நம்பி ஓட்டுப் போட்டவருக்கு அது இரண்டாவது ஏமாற்றம். முதலாவதைவிட இது அதிகம் வலிக்கும்.

இனி சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். 'மாற்றுக் கட்சியினர் 200 பேர் இணைந்தனர்' என்று நாளிதழில் வாசிக்கிறோம். அங்கே மாற்று என்றால் வெறும் பிற என்று பொருள். 'பிற கட்சியினர்' என்று எழுதினால் போதும். போட்டியாளர் எதிரணி. இரு பெரிய கட்சிகளோடும் சேராமல் நிற்பது மூன்றாவது அணி. இது எண்ணிக்கையைச் சொல்கிறதே தவிரத் தரத்தைச் சொல்லவில்லை. 'மாற்று அரசியல்' என்று ஒரு கட்சி தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தி, வேட்பாளரை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள், பணம் எங்கிருந்து வருகிறது, தலைவருக்கு மறுப்புச் சொல்ல உட்கட்சியில் யாருக்காவது வாய் உண்டா என்று கேட்க வேண்டும். பட்டறை மொழியில் இந்தக் கேள்விகள் எல்லாம் சேர்ந்து ஒன்றுதான்: எத்தனை மாற்று?