ஐந்து தளங்களுக்கு ஒரே ஸ்டைல்ஷீட்

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, எங்கள் ஐந்து தளங்களின் தோற்றத்தையும் தீர்மானிக்கும் பொது சிஎஸ்எஸ் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். அட்டவணைகள் முழு அகலத்துக்கு விரியட்டும் என்பதுதான் அந்த வரி. முகப்புத் தளத்தில் அது எடுபடவில்லை. சரி என்று, மற்ற விதிகளை மீறி இதையே எடுத்துக்கொள் என்று பிரவுசருக்குச் சொல்லும் ‘இம்பார்ட்டன்ட்’ ஒன்றைக் கூடவே போட்டேன். எடுபட்டது, தூங்கப் போய்விட்டேன். காலையில் பார்த்தால், விக்கியில் ஓரமாக நிற்க வேண்டிய தகவல் பெட்டி திரை முழுக்கப் படுத்துக் கிடக்கிறது. பிழைகளைப் பதிவுசெய்யும் பக் டிராக்கரில் தேதி தேர்ந்தெடுக்கும் குட்டி நாட்காட்டி, பந்திப்பாய் மாதிரி விரிந்திருக்கிறது.

நான் ஓய்வு நேரத்தில் பங்களிக்கும் அந்தத் திறமூலத் திட்டத்துக்கு ஐந்து தளங்கள். ஒவ்வொன்றும் ஒரு மென்பொருளில் ஓடுகிறது: முகப்பும் வலைப்பதிவும் ஹியூகோவில், ஆவணங்கள் ஸ்பிங்ஸில், விக்கி மீடியாவிக்கியில், பக் டிராக்கர் தனி. ஐந்துக்கும் ஒரே சர்வரிலிருந்து ஒரே கோப்பை லிங்க் கொடுத்திருந்தோம். பெயரில் பதிப்பு எண் கிடையாது. ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாற வேண்டும் என்று கேட்டுத்தான் அப்படி அமைத்தோம். கேட்டபடியே நடந்தது.

அதற்கப்புறம் முதலில் செய்தது, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் எண் கொடுத்தது. 3.1 வெளியானால் அது என்றைக்கும் 3.1தான், அதில் யாரும் கை வைக்கக் கூடாது. எந்தப் பதிப்பு வேண்டும் என்பதை அந்தந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்பவரே தீர்மானிப்பார். சிஎஸ்எஸ் விதியைப் பக்கத்தின் உறுப்புகளோடு இணைக்கும் ஒரு கிளாஸின் பெயரை மாற்றினாலோ நீக்கினாலோ முதல் எண் கூடும். இதில், பிரவுசர் சேமித்து வைத்துக்கொள்ளும் பழைய நகலால் வரும் கேஷ் தொல்லையும் தீர்ந்தது. முன்பு ஹெடரின் எச்டிஎம்எல் புதிதாகவும் அதற்கான சிஎஸ்எஸ் வாசகரின் பிரவுசரில் பழையதாகவும் இருக்கும், பாதி கட்டிய வீடு மாதிரி பக்கம் தெரியும். இப்போது கோப்புப் பெயரிலேயே எண் இருப்பதால் ஓராண்டு கேஷில் வைத்துக்கொள்ளலாம் என்று தைரியமாகச் சொல்லிவிடுகிறோம்.

பல தளங்களுக்கும் பொதுவாகக் கோப்புகளை வழங்கும் சிடிஎன் சர்வர் ஒன்றிலிருந்து இழுத்தால் கோப்பு வாசகரின் பிரவுசரில் ஏற்கெனவே இருக்குமே என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. சஃபாரி 2013 முதலே கேஷைத் தளவாரியாகப் பிரித்து வைக்கிறது. 2020இல் குரோம் 86, 2021இல் ஃபயர்ஃபாக்ஸ் 85 அதே வழிக்கு வந்தன. வேறொரு தளத்துக்காக இறங்கிய கோப்பு உங்கள் தளத்துக்கு உதவாது. ஒரே டொமைனின் சப்டொமைன்களுக்குள் மட்டும் பங்கு உண்டு, அதற்கு உங்கள் சர்வரே போதும். பாதுகாப்பும் ஒரு காரணம். பல தளங்களுக்கு ஸ்கிரிப்ட் வழங்கிவந்த பாலிஃபில் டாட் ஐஓ டொமைன் 2024 பிப்ரவரியில் கை மாறியது. ஜூனில் பார்த்தால், அதிலிருந்து ஸ்கிரிப்ட் இழுத்துக்கொண்டிருந்த 1,00,000க்கும் மேற்பட்ட தளங்களின் வழியாகத் தீங்கான நிரல் போய்க்கொண்டிருந்தது. அது ஜாவாஸ்கிரிப்ட்தானே, சிஎஸ்எஸ் என்ன செய்யும் என்று கேட்காதீர்கள். படிவத்தில் இருக்கும் மதிப்புகளைக்கூட பின்னணிப் படக் கோரிக்கைகள் வழியாகக் கசியவிட சிஎஸ்எஸ்ஸால் முடியும். வெளியிலிருந்து இழுத்தே ஆக வேண்டும் என்றால் லிங்க் டேகில் கோப்பின் ஹேஷை, அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை மாதிரியான குறியீட்டை, சேர்த்துவிடுங்கள். கோப்பு ஓர் எழுத்து மாறினாலும் பிரவுசர் ஏற்காது. எண் இல்லாமல் மாறிக்கொண்டே இருக்கும் கோப்புக்கு இந்தக் காவலைப் போடவே முடியாது.

இனி, எதைப் பகிர்வது? நாங்கள் அதிகம் சண்டை போட்டது இதில்தான். என் கட்சி, முடிந்த அளவு குறைவாக. எல்லாத் தளமும் ஒரே மென்பொருளில் ஓடினால் முழுத் தீமையே பகிரலாம். பைடேட்டா ஸ்பிங்ஸ் தீம் அப்படித்தான் பாண்டாஸ், நம்பை, சைபை ஆகிய பைத்தான் நூலகங்களின் ஆவணங்களுக்கெல்லாம் பொதுவாக நிற்கிறது, ஏனென்றால் எல்லாமே ஸ்பிங்ஸ். மென்பொருள் வேறு வேறு என்றால் நிறம், எழுத்துரு, இடைவெளி ஆகியவற்றுக்கான மாறிகள், அப்புறம் ஹெடர், ஃபுட்டர். அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவும் தன் கோடெக்ஸ் வடிவமைப்பு முறையின் நிறம், இடைவெளி போன்ற மதிப்புகளைத் தனித் தொகுப்பாகவே வெளியிடுகிறது. மாறிகளுக்கு ‘நீலம்’ என்று பெயர் வைக்காமல் ‘இணைப்பு நிறம்’ என்று வையுங்கள். 2024இல் விக்கிப்பீடியாவுக்கு இருள் பயன்முறை வந்தபோது, பின்னணி நிறத்தை மட்டும் நேரடியாக எழுதி எழுத்தின் நிறத்தைச் சொல்லாமல் விட்ட வார்ப்புருக்களில் (பல பக்கங்களில் செருகும் பொதுத் துண்டுகளில்) வெளிர் பின்னணிமேல் வெளிர் எழுத்து வந்து நின்றது.

பொதுக் கோப்புக்கும் தளத்தின் சொந்தக் கோப்புக்கும் மோதல் வந்தால் யார் ஜெயிப்பது? 2022 முதல் எல்லா முக்கியப் பிரவுசர்களிலும், விதிகளை அடுக்குகளாகப் பிரித்து முன்னுரிமை தரும் கேஸ்கேட் லேயர் உண்டு. பொதுக் கோப்பை ஒரு லேயருக்குள் போட்டுவிட்டால், லேயருக்கு வெளியே இருக்கும் சொந்த விதி எப்போதும் ஜெயிக்கும். ஒரு சூட்சுமம்: ‘இம்பார்ட்டன்ட்’ வந்தால் கணக்கு தலைகீழாகிவிடும், லேயருக்குள் இருப்பதே ஜெயிக்கும். அதனால் பொதுக் கோப்பில் அந்தச் சொல்லுக்கே தடை. தடை போட்டவன் நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

நீக்குவதற்கு முன் தேடுவதில் ஒருமுறை ஏமாந்தோம். ஒரு கிளாஸை ஐந்து தளங்களின் நிரல் இருக்கும் ரெப்போக்களிலும் தேடினோம், எங்கும் இல்லை, எடுத்துவிட்டோம். விக்கிப் பக்கங்களின் உரை ரெப்போவில் இல்லை, தரவுத்தளத்தில் இருக்கிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. இப்போது விக்கியின் மூல உரைக்குள்ளும் தேடிய பிறகே கத்தரி எடுக்கிறோம்.

வெளியீட்டுக்கு முன் ஐந்து தளங்களிலிருந்தும் சில பக்கங்களைத் தானாகப் படம் எடுத்துப் பழையதோடு ஒப்பிடுகிறோம். அதில் தமிழ்ப் பக்கம் ஒன்று கட்டாயம். ‘டவுன்லோட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் ‘பதிவிறக்குக’ உட்காராது. ஆங்கிலத்துக்கு நெருக்கி வைத்த வரி உயரத்தில் மேல் வரியின் ‘ழு’வும் கீழ் வரியின் ‘கீ’யும் முட்டிக்கொள்ளும்.

போன மாதம் 4.0 வெளியிட்டோம். நான்கு தளங்கள் மாறிவிட்டன. வலைப்பதிவு மட்டும் இன்னும் 3.2இல் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் மாணவருக்குத் தேர்வு நடக்கிறது, முடித்துவிட்டு வரட்டும்.