வியாசர்பாடித் திடலில் ஒரு திவால் கணக்கு

வியாசர்பாடி முல்லை நகர் திடலில் மாலை ஆட்டம் முடிந்ததும் பையன்கள் உடனே வீட்டுக்குப் போவதில்லை. பூட்ஸின் லேஸ்களை ஒன்றோடொன்று முடிந்து தோளில் போட்டுக்கொண்டு தேநீர்க் கடை பெஞ்சைச் சுற்றி நிற்பார்கள். 2025 ஜூலையில், அடுத்த பருவத்துக்கான இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்துப் போட்டி நிறுத்திவைக்கப்படுகிறது என்ற செய்தி வந்தபோது அந்தப் பெஞ்சில் வேறு பேச்சே இல்லை. கால்பந்து வீரர்கள் தனபால் கணேஷும் நந்தகுமார் சேகரும் வளர்ந்த பகுதி இது. லீக் நின்றால் இங்கே ஏதாவது ஒரு வீட்டில் சம்பளம் நிற்கும்.

"வெளிநாட்டில் இப்படி நடக்குமா அண்ணா?" என்று ஒரு பையன் கேட்டான். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். அதனால் அவனுக்கு 2012-இல் ஸ்காட்லாந்தில் நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்க மூன்று மாலைகள் ஆயின.

கிளாஸ்கோ நகரின் ரேஞ்சர்ஸ் அதுவரை 54 முறை நாட்டின் சாம்பியன். 2011 மே மாதம் அந்தக் கிளப்பின் பெரும்பான்மைப் பங்குகள் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறின. வாங்கியவர், வங்கிக்கு இருந்த சுமார் 1.8 கோடி பவுண்டு கடனை அடைப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். அடைக்கவும் செய்தார். ஆனால் அந்தப் பணம், ரசிகர்கள் வரும் ஆண்டுகளில் வாங்கப்போகும் சீசன் டிக்கெட்டுகளை ஒரு நிதி நிறுவனத்திடம் முன்கூட்டியே விற்றுப் பெற்றது.

இதைச் சொன்னதும் எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. அவர் எங்கள் தெருவில் இருபது ஆண்டுகள் ஏலச்சீட்டு பிடித்தவர். சீட்டு தெரிந்தவர்களுக்கு ரேஞ்சர்ஸ் கதை பாதி புரிந்துவிடும். இருபது பேர், மாதம் ஐயாயிரம், மொத்தம் ஒரு லட்சம். அவசரம் உள்ளவர் முதல் மாதமே தள்ளிக் கேட்பார். முப்பதாயிரம் தள்ளி எழுபதாயிரம் எடுத்துக்கொள்வார். அவர் எடுத்தது தன்னுடைய எதிர்காலத்தை, அதுவும் குறைந்த விலைக்கு. மீதிப் பத்தொன்பது மாதமும் அவர் வருமானத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே பேசப்பட்டது. அந்த மாதங்களில் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்துவிட்டால் தவணை நின்றுவிடும்.

ரேஞ்சர்ஸுக்கு அந்தக் கோடையிலேயே நோய் வந்தது. ஐரோப்பியக் கோப்பையில் ஆடினால் பணம் கொட்டும் என்பது கணக்கு. சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் சுவீடனின் மால்மோவிடம் தோற்றார்கள். அடுத்த கட்டக் கோப்பைக்கான சுற்றில் ஸ்லோவேனியாவின் மாரிபோரிடமும் தோற்றார்கள். வரவு நின்றது. ஆட்டக்காரர்களின் சம்பளத்தில் பிடித்த வரியை அரசுக்குக் கட்டாமல் அன்றாடச் செலவு ஓடியது. 2012 பிப்ரவரி 14 அன்று கிளப் திவால் நிர்வாகிகளிடம் போனது. கடன்காரர்களோடு பேசிய சமரசத்தை வரித்துறை ஜூனில் நிராகரித்தது. திடலும் பெயரும் உட்பட எல்லாச் சொத்தும் 55 லட்சம் பவுண்டுக்கு ஒரு புதிய நிறுவனத்துக்குப் போயின.

இரண்டாம் மாலை, "ஒரு ஆள் ஏமாற்றிவிட்டார், அவ்வளவுதானே?" என்றான் ஒருவன். எல்லாருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். ஆனால் இதே கதை இத்தாலியின் ஃபியோரென்டினா கிளப்பில் 2002-இல் நடந்தது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் 2010-இல் நடந்தது. லீட்ஸ் யுனைடெட் பெரும் கடன் எடுத்து 2001-இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனது, 2004-இல் இங்கிலாந்தின் முதல் வரிசை லீக்கை விட்டே இறங்கியது. இத்தனை ஊர்களில் இத்தனை முதலாளிகள் ஒரே மாதிரி விழுகிறார்கள் என்றால் கோளாறு ஆளிடம் இல்லை, தொழில் இயங்கும் முறையில் இருக்கிறது.

அந்த முறையைக் காசிமேட்டில் பார்க்கலாம். ஒரு விசைப்படகுக்காரர் கூடுதல் குதிரைத்திறன் உள்ள எஞ்சின் பொருத்துகிறார். மீன் இருக்கும் இடத்துக்கு முதலில் போய்ச் சேர்கிறார். பிடிப்பு நன்றாக இருக்கிறது. அடுத்த ஆண்டு பக்கத்துப் படகும் அதே எஞ்சினை வாங்குகிறது, பிறகு எல்லாப் படகும். இப்போது யாரும் யாரையும் முந்தவில்லை. கடலில் மீனும் கூடவில்லை. டீசல் செலவு மட்டும் எல்லாருக்கும் ஏறிவிட்டது. தான் மட்டும் பழைய எஞ்சினுக்குத் திரும்பலாமா என்றால் அதுவும் முடியாது, கடைசிப் படகாகிவிடுவார். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவர் முடிவும் சரி. கூட்டிப் பார்த்தால் துறைமுகமே கடனில். இதனால்தான் எஞ்சின் திறனுக்கு அரசு விதி போட்டு வரம்பு வைக்க வேண்டியிருக்கிறது.

லீக்கும் அப்படியே. எத்தனை கோடி சேர்த்துச் செலவழித்தாலும் கோப்பை ஒன்றுதான், கடைசி இடமும் ஒன்றுதான். வேறுபாடு என்னவென்றால், கால்பந்தில் கடைசி இடத்துக்கு அடியில் பள்ளம் இருக்கிறது. கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் தொலைக்காட்சிப் பணம் பெரும்பகுதி போய்விடும். ஆட்டக்காரர்களின் சம்பள ஒப்பந்தம் அப்படியே நிற்கும். பள்ளத்தின் விளிம்பில் இருப்பவர் இன்னும் பெரிய கடன் எடுத்தாவது ஒரு முன்கள வீரரை வாங்குவார்.

இன்னொரு காரணம், கிளப்புகள் எளிதில் சாவதில்லை என்பது. 1923-இல் இங்கிலாந்து லீக்கில் ஆடிய 88 கிளப்புகளில் 85, 2008 வாக்கிலும் உயிரோடு இருந்தன. அந்த 85 ஆண்டுகளில் எத்தனை ஆலைகளும் வங்கிகளும் மூடப்பட்டன! மளிகைக் கடை நொடித்தால் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போவார். ரேஞ்சர்ஸ் ரசிகர் அதே நகரின் எதிரிக் கிளப்பான செல்டிக்குக்குப் போவாரா? போகமாட்டார். அதனால் கடன்காரர் தள்ளுபடி செய்வார், நகராட்சி உதவும், புது முதலாளி வருவார். எப்படியும் யாரோ காப்பாற்றுவார்கள் என்று தெரிந்தால் நிறுவனம் செலவில் கட்டுப்பாட்டை இழக்கும் என்பதை ஹங்கேரியப் பொருளியலர் யானோஷ் கோர்னாய் சோஷலிச நாடுகளின் அரசு ஆலைகளைப் பார்த்து விளக்கினார். கால்பந்து கிளப்புகளுக்கு அது அச்சாகப் பொருந்துகிறது. ரசிகரின் விசுவாசத்தை அடமானம் வைத்துத்தான் இந்தத் தொழில் கடன் வாங்குகிறது என்பது எனக்கு இன்றும் கோபம் தருகிறது.

சரி, கட்டுப்படுத்த வேண்டியவர் யார்? சீட்டில் அதற்கு ஒரு ஆள் உண்டு. 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி, பதிவு செய்து சீட்டு நடத்துபவர் சீட்டுத் தொகை முழுவதற்கும் பிணை வைக்க வேண்டும். சீட்டு எடுத்தவரும் மீதித் தவணைகளுக்கு ஜாமீன் தர வேண்டும். எங்கள் தெருச் சீட்டில் பிணை என்பது அம்மாவின் சொல்தான். ஒருமுறை எடுத்தவர் இரவோடு இரவாக வீடு காலி செய்துவிட்டார். அம்மா தன் வளையலை விற்று அந்தத் தவணைகளைக் கட்டினார். மறுமாதம் முதல் இரண்டு ஜாமீன்தாரர் கையெழுத்து இல்லாமல் யாருக்கும் பணம் கொடுக்கவில்லை.

கால்பந்து லீக்கில் சீட்டு நடத்துபவர் யாரென்றால், சீட்டுக்காரர்களே. பெரும்பாலான லீக்குகள் அவற்றில் ஆடும் கிளப்புகளுக்கே சொந்தம். விதி எழுதுவதும் அவர்கள், விதிக்குக் கட்டுப்படுவதும் அவர்கள். 2012-இல் ஸ்காட்லாந்து பிரீமியர் லீக்கில் 12 கிளப்புகள் இருந்தன. பணப் பங்கீடு போன்ற முக்கிய முடிவுகளுக்கு 11 ஓட்டு வேண்டியிருந்தது. செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் சேர்ந்து கை தூக்காவிட்டால் மற்ற பத்துப் பேரும் சேர்ந்தாலும் எதுவும் மாறியிருக்காது.

இந்த அமைப்புதான் 2012 ஜூலையில் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. புதிய நிறுவனத்தின் ரேஞ்சர்ஸை முதல் வரிசை லீக்கிலேயே வைத்துக்கொள்வதா? மற்ற கிளப்புகளுக்கு அவர்கள் தேவை. ரேஞ்சர்ஸ் வரும் நாளில்தான் திடல் நிறையும், அவர்கள் இல்லாவிட்டால் தொலைக்காட்சிப் பணமும் குறையும் என்ற எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருந்தன. எதிராளி இல்லாவிட்டால் தனக்கும் வருமானம் இல்லை என்னும் இந்த விசித்திரத்தை 1964-இல் வால்டர் நீல் என்ற பொருளியலர் குத்துச்சண்டையை வைத்து விளக்கினார். ஜோ லூயிஸ் உலகச் சாம்பியன். ஆனால் மாக்ஸ் ஷ்மெலிங் போன்ற வலுவான எதிராளி இல்லாவிட்டால் அவர் சண்டையை யார் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள்? குத்துச்சண்டை பார்த்து வளர்ந்த வடசென்னைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் ரசிகர்கள் உள்ளே வந்தார்கள். மற்றக் கிளப்புகளின் ரசிகர்கள் தங்கள் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள்: எங்களுக்கு ஒரு விதி, அவர்களுக்கு ஒரு விதி என்றால் சீசன் டிக்கெட் வாங்கமாட்டோம். அபர்டீனிலும் டண்டியிலும் எடின்பரோவிலும் இதே பேச்சு. ஜூலை 4 ஓட்டெடுப்பில் 10 கிளப்புகள் மறுத்தன, கில்மார்னாக் ஓட்டளிக்கவில்லை, ரேஞ்சர்ஸின் ஓட்டு மட்டும் ஆதரவு. ஜூலை 13 அன்று கீழ்ப்பிரிவுகளின் 30 கிளப்புகள் கூடின. இரண்டாவது அடுக்கிலேயே இடம் கொடுக்கலாம் என்ற யோசனையை ஒதுக்கி, நான்காவது அடுக்கில்தான் தொடங்க வேண்டும் என்று 25 கிளப்புகள் ஓட்டளித்தன. ஆகஸ்டில் ரேஞ்சர்ஸ் தன் சொந்தத் திடலில் முதல் லீக் ஆட்டத்தை ஈஸ்ட் ஸ்டிர்லிங்ஷயர் என்ற சிறு கிளப்போடு ஆடியது. நான்காவது அடுக்கு ஆட்டத்துக்கு 49,118 பேர் வந்திருந்தார்கள்! இதைச் சொன்னபோது பெஞ்சில் ஒரு நொடி யாரும் பேசவில்லை.

மூன்றாம் மாலைப் பேச்சு, விதிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதில் போனது. இரண்டு வழி உண்டு: பணம் போகும் முன்பே ஜாமீன் கேட்பது, போன பிறகு தண்டிப்பது. எவர்ட்டன் கிளப்பின் வழக்கு நடந்தபோது இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் வழி இரண்டாவது. மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் கூடாது என்பது அன்றைய விதி. எவர்ட்டன் 2021-22 பருவம் வரையிலான கணக்கில் அந்த வரம்பைத் தாண்டியது. 10 புள்ளிகள் பறிக்கப்பட்டது 2023 நவம்பரில், மேல்முறையீட்டில் அது 6 ஆனது. இடைப்பட்ட காலத்தில், அதனால் பாதிக்கப்பட்ட மற்றக் கிளப்புகள் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியே போயிருக்கலாம். ஸ்பெயினின் வழி முதலாவது. ஒவ்வொரு கிளப்பும் எவ்வளவு சம்பளம் கொடுக்கலாம் என்று அந்நாட்டு லீக்கான லா லிகா முன்னதாகவே வரம்பு சொல்லிவிடும். மீறினால் ஆட்டக்காரரைப் பதிவே செய்ய முடியாது. 2021 ஆகஸ்டில் மெஸ்ஸி பார்சிலோனாவை விட்டு அழுதுகொண்டே போனது இதனால்தான். கிளப்பின் கடன் அப்போது 135 கோடி யூரோ. அந்த நாளில் லா லிகாவைத் திட்டியவர்களில் நானும் ஒருவன். இப்போது யோசித்தால் அந்த விதிதான் கிளப்பை மேலும் ஆழத்துக்குப் போகாமல் பிடித்தது என்று நம்புகிறேன்.

ஜெர்மனியில் பருவம் தொடங்கும் முன் ஒவ்வொரு கிளப்பும் வரப்போகும் வரவுசெலவைக் காட்டி உரிமம் வாங்க வேண்டும். ஓட்டுரிமையில் பெரும்பான்மை, ரசிகர்கள் உறுப்பினராக உள்ள சங்கத்திடம் இருக்க வேண்டும். அங்கும் 2005 வாக்கில் டார்ட்மண்ட் திவாலின் வாசலுக்குப் போய்த் திரும்பியது. அந்த நெருக்கடியில் அதற்கு 20 லட்சம் யூரோ கடன் கொடுத்தது பரம எதிரியான பேயர்ன் மியூனிக். ஜோ லூயிஸ் கணக்கு! இங்கிலாந்து, சீட்டுக்காரர்களே சீட்டு நடத்தியது போதும் என்று 2025 ஜூலையில் சட்டம் இயற்றித் தனி ஒழுங்காற்று ஆணையத்துக்கு வழி செய்தது.

விதிகள் கணக்கேட்டை நம்பியே இருக்கின்றன, கணக்கேட்டில் ஒரு வினோதம் இருக்கிறது. 100 கோடிக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கிய ஆட்டக்காரரின் விலை, ஆண்டுக்கு 20 கோடியாகப் பிரித்து எழுதப்படும். இரண்டு ஆண்டு கழித்து அவர் ஏட்டு மதிப்பு 60 கோடி. 90-க்கு விற்றால் லாபம் 30. சிறு வயது முதல் தானே வளர்த்த பையனுக்குக் கிளப் விலை கொடுக்கவில்லை. அவன் ஏட்டு மதிப்பு பூஜ்யம். 40 கோடிக்கு விற்றால் நாற்பதும் லாபம். நஷ்ட வரம்பு நெருக்கும்போது எல்லாக் கிளப்பின் கண்ணும் முதலில் போவது மண்ணின் பிள்ளை மேல்தான். முல்லை நகரில் பத்து வயதுப் பையன்களுக்குப் பந்து வாங்கிக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கும் எனக்கு அந்தப் பூஜ்யத்தை ஏற்க முடியவில்லை.

நம் ஊர் நோய் வேறு. ஐ.எஸ்.எல்லில் அதுவரை கீழே இறங்கும் பள்ளம் இருந்ததில்லை. இங்கே பணம் வந்தது ஒற்றைக் குழாயில். இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2010-இல் வணிக உரிமையை 15 ஆண்டுகளுக்கு ஒரு நிறுவனத்திடம் கொடுத்தது. ஆண்டுக்கு 50 கோடி ரூபாய் வந்துகொண்டிருந்தது. ஒப்பந்தம் முடிய இருந்தது 2025 டிசம்பரில், அதாவது பருவத்தின் நடுவில். சம்மேளனத்தின் சட்டவிதிகள் பற்றிய வழக்கு நடந்ததால் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு முன் புது ஒப்பந்தமும் போட முடியவில்லை. பாதிப் பருவத்துக்கு யார் பணம் போடுவார்கள்? லீக் நின்றது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. முதல் அணியின் சம்பளத்தை நிறுத்திவைத்தது. 2010-இல் மஹிந்திரா யுனைடெட் அணியும் 2011-இல் ஜே.சி.டி. அணியும் கலைக்கப்பட்டபோதும் ஒரு முதலாளியின் முடிவில் எல்லாம் முடிந்தது. ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி அணிகளில் ஆடியவர்களுக்குப் பந்து நின்றாலும் வேலை நின்றதில்லை என்று பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் நினைவூட்டினார்.

"நம் அணியின் கணக்கை நாம் பார்க்க முடியுமா அண்ணா?" என்று கேட்டான் முதல் நாள் கேட்ட அதே பையன். பார்க்கலாம். கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனம் நடத்தும் அணி என்றால், அதன் ஆண்டுக் கணக்கைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிறு கட்டணம் கட்டி யாரும் எடுக்கலாம். மொத்த வரவு, அதில் சம்பளம் எத்தனை பங்கு, முதலாளியின் மற்ற நிறுவனங்களிடம் வாங்கிய கடன் எவ்வளவு என்ற மூன்று வரிகளை முதலில் தேடு என்றேன். கடைக்காரரிடம் பேனா வாங்கி, அதைத் தன் முழங்கால் கட்டுத் துணியிலேயே எழுதிக்கொண்டான்.