103-ஆ, 105-ஆ? சாவு வழக்கில் முதல் இரண்டு நாள் காகிதங்கள்

வரப்புத் தகராறில் ஆள் செத்தால் ஊருக்கு அது கொலைதான். ஸ்டேஷனில் அப்படி இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா: கொலைக்கு 103, கொலை ஆகாத மரணம் விளைவித்தலுக்கு 105. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302, 304 இவைதான். 103 என்றால் தூக்கு அல்லது ஆயுள். 105-இல் நோக்கம் இருந்தால் 5 முதல் 10 ஆண்டு, ஆயுள்கூட வரலாம். சாவு நேரலாம் என்று தெரிந்து மட்டும் செய்திருந்தால் 10 ஆண்டு வரை. அதற்கும் கீழே 106, அலட்சியம், 5 ஆண்டு வரை.

"ஒரே வெட்டுதானே, கொலை ஆகாது" என்பார்கள். நம்பாதீர்கள். விர்சா சிங் வழக்கில் 1958-லேயே உச்ச நீதிமன்றம் ஒரே ஈட்டிக் குத்தைக் கொலை என்றது. அந்தக் காயத்தை வேண்டுமென்றே ஏற்படுத்தினானா, அந்தக் காயம் உயிரைப் பறிக்கப் போதுமானதா, இதுதான் கேள்வி.

வழக்கு கீழே இறங்குவது பெரும்பாலும் புகாரின் ஒரு வரியால். "வாய்த்தகராறு முற்றி, ஆத்திரத்தில் தாக்கினார்" என்று ஸ்டேஷனில் வழக்கமான வாசகத்தை எழுதிவிடுவார்கள். முன்திட்டம் இல்லாத திடீர்ச் சண்டை என்பதுதான் 103-ஐ 105 ஆக்கும் விதிவிலக்கு. சண்டை ஓய்ந்து, வீட்டுக்குப் போய்க் கொடுவாளோடு அரைமணி கழித்து வந்தான் என்றால் அந்த அரைமணி புகாரில் இருக்க வேண்டும். எத்தனை வெட்டு, எந்த இடத்தில், விழுந்த பிறகும் வெட்டினானா? பார்க்காததைச் சேர்க்காதீர்கள், குறுக்கு விசாரணையில் உடைந்துவிடும். வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், உடனே தர வேண்டியது.

அடுத்த பொறி ஆஸ்பத்திரி. போலீஸ் கேஸ் என்றால் சேர்க்க மாட்டார்களோ என்று பயந்து "வண்டியிலிருந்து விழுந்துட்டார்" என்று சொல்லிவிடுகிறார்கள். அது அப்படியே ஏ.ஆர். காப்பியில் (காயத்தோடு வந்தவரைப் பற்றி ஆஸ்பத்திரி எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல்) ஏறும், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த ஒரு வரி போதும். தெரிந்த ஆள், கட்டையால் தலையில் அடித்தான் என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஓசூரிலிருந்து பெங்களூருக்கோ, தர்மபுரியிலிருந்து சேலத்துக்கோ அனுப்பி அங்கே இறந்தால், போஸ்ட்மார்ட்டம் இல்லாமல் உடலை வாங்காதீர்கள். இறந்த தகவல் ஸ்டேஷனுக்குப் போனதா, அடிதடிப் பிரிவு மரணப் பிரிவாக மாற்றப்பட்டு அந்த அறிக்கை நீதிமன்றத்துக்குப் போனதா என்று நீங்களேதான் துரத்த வேண்டும்.

காட்டுப்பன்றிக்குத் திருட்டு மின்சாரம் இழுத்த வேலியில் ஆள் செத்தால் "விபத்து" என்று முடிக்கப் பார்ப்பார்கள். ஆள் நடமாடும் வழியில் கம்பியில் மின்சாரம் விட்டவனுக்கு உயிர் போகும் என்று தெரியாதா? 105 கேளுங்கள். 2023-இல் மாரண்டஅள்ளி பக்கம் மூன்று யானைகள் மின்வேலியில் செத்தபோது நாடே பேசியது. கூலிக்குப் போனவன் செத்தால் 106 போதுமாம்.

ஸ்டேஷன் புகாரை வாங்க மறுத்தால் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனுவை நம்பாதீர்கள், அது சீல் குத்தி, சுற்றிக்கொண்டு அதே ஸ்டேஷனுக்கே வரும். புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள். அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. இரண்டும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 173(4)-இல் உள்ளவை.

எஃப்.ஐ.ஆரில் 105 என்று போட்டுவிட்டால் முடிந்துவிடவில்லை. எந்தப் பிரிவில் விசாரணை என்று குற்றச்சாட்டை வனைவது செஷன்ஸ் நீதிமன்றம், தீர்ப்புக்கு முன் எப்போதும் மாற்றலாம். தீர்ப்பிலேயே 103-ஐ 105 ஆகக் குறைத்தாலும், பாதிக்கப்பட்ட குடும்பமே அதே சுரக்ஷா சன்ஹிதாவின் 413-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போகலாம். அரசு போகுமா என்று காத்திருக்க வேண்டாம். தீர்ப்பு நகலுக்கு அன்றைக்கே மனு போடுங்கள்.