எல்டர் போன் நம்பர் லைப்ரரில கிடைக்காது

செப்டம்பர் கடைசி வாரம் வந்தாலே பக்கத்து சீட்டுக்காரங்களைப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கும். நான் கனடாவுல ஒரு யுனிவர்சிட்டி லைப்ரரில ரெஃபரன்ஸ் டெஸ்க் பாக்கறேன், பக்கத்து சீட்ல இருக்கறவங்க இண்டிஜினஸ் எங்கேஜ்மெண்ட் லைப்ரரியன், அவங்களும் பூர்வகுடிதான். செப்டம்பர் 30 இங்க உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாள், 2021-லேர்ந்து ஃபெடரல் லீவு, எல்லாரும் ஆரஞ்சு சட்டை போடுவாங்க. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எல்லா டிபார்ட்மெண்டுக்கும் திடீர்னு ஞானோதயம் வந்துரும். ஒரு எல்டர், அதாவது பூர்வகுடி ஜனங்க மதிக்கற, மரபு தெரிஞ்ச பெரியவர், வேணும், பத்து நிமிஷம் பேசினா போதும்ங்கும் ஒரு மெயில், நாம நிக்கறது எந்தப் பூர்வகுடியோட நிலம்னு கூட்டத்துல சொல்ற லேண்ட் அக்னாலெட்ஜ்மெண்ட் எழுதிக் குடுங்கன்னு இன்னொன்னு. இந்தத் தடவை நம்மூர்ப் பையன் ஒருத்தன் என்கிட்டயே வந்து "அக்கா, நீங்க சொன்னா அவங்க கேப்பாங்க, ஒரு எல்டர் நம்பர் மட்டும் வாங்கிக் குடுங்க, வெள்ளிக்கிழமை சப்மிஷன்"னான். இதுக்கு மேலயும் எழுதாம இருந்தா சரியா வராது.

தம்பி தங்கச்சிகளா, அவங்க வேலை ஆள் பிடிச்சுக் குடுக்கறது இல்ல. பூர்வகுடிப் பிள்ளைங்களை வீட்டுலேர்ந்து பிரிச்சு வெச்ச ரெசிடென்ஷியல் ஸ்கூல் பத்தின உண்மை ஆணையம் 2015-ல 94 பரிந்துரைகளோட முடிஞ்சுது, 2017-ல கனடா லைப்ரரி சங்கங்களோட கூட்டமைப்பும் லைப்ரரிங்க என்ன செய்யணும்னு தனியா ஒரு அறிக்கை போட்டுது. அதுக்கப்புறம்தான் நிறைய இடத்துல இந்த போஸ்ட் வந்துச்சு. சுத்துவட்டாரத்துல இருக்கற நேஷன்களோட (பூர்வகுடி சமூகங்களை இங்க அப்படித்தான் சொல்வாங்க) உறவை வருஷக்கணக்கா பாத்துக்கறது, பூர்வகுடிங்களே எழுதின புக்கா பாத்து வாங்கறது, கேட்டலாக்ல இருக்கற கேவலமான பேரையெல்லாம் மாத்தறது, நிலவழக்குக்காக தாத்தா காலத்து பேப்பர் தேடி வர்ற குடும்பத்துக்கு கூட உக்காந்து தேடிக் குடுக்கறது, நம்ம பெட்டியில தூங்கற பழைய டேப்பை அதை யாரு பாடினாங்களோ அவங்க ஊருக்கே திருப்பிக் குடுக்க ஏற்பாடு பண்றது. இத்தனைக்கும் ஒரே ஒரு ஆள். அதுக்கு நடுவுல உங்க வெள்ளிக்கிழமை.

இதுகூடப் பரவாயில்ல, அவசரம்னு விட்டுடலாம். எனக்கு பிபி ஏத்தறது வேற ஒண்ணு. பூர்வகுடிங்களோட பழைய பாட்டு, கதை, சடங்கு போட்டோவை அவங்களைக் கேக்காம எடுத்துக்காதீங்கன்னா வர்ற பதில்: "நெட்லதானே இருக்கு, நூறு வருஷம் பழசு, காப்பிரைட்டும் போயிடுச்சு, அறிவுன்னா எல்லாருக்கும் பொதுதானே, லைப்ரரியன் நீங்களே தடுக்கலாமா?" இதை ஸ்டூடண்ட் மட்டும் இல்ல, எங்க ஆளுங்களே கேப்பாங்க. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணு, நெட்ல போடு, அதுதான் சேவைன்னு படிச்சு வந்த தொழில் எங்களுது.

கொஞ்சம் நிதானமா யோசிங்க. அந்தப் பாட்டும் கதையும் சடங்கு போட்டோவும் எப்படி லைப்ரரிக்கு வந்துச்சு? மேற்குக் கரையில பாட்லாட்ச்ங்கற, விருந்து வெச்சு பொருளை வாரி வழங்கற சடங்கை நடத்தறதே 1885-லேர்ந்து 1951 வரைக்கும் சட்டப்படி குற்றம். நடத்தினவங்களை ஜெயில்ல போட்டு, முகமூடியையும் செப்புத் தகட்டையும் பிடுங்கிட்டுப் போனாங்க. அதே காலத்துல ஒரு ஆராய்ச்சியாளர் வந்து எழுதிக்கிட்டுப் போனா, காப்பிரைட் அவருக்கு, சொன்ன பாட்டிக்கு பேருகூட இருக்காது. அந்தக் காப்பிரைட் முடிஞ்சுதுன்னா அவரோட உரிமை முடிஞ்சுதுன்னு அர்த்தம், பாட்டியோட குடும்பத்து உரிமையை அந்தச் சட்டம் எந்தக் காலத்துலயும் கணக்குலயே எடுத்துக்கல. நம்ம குலதெய்வக் கோயில்ல பங்காளிங்களுக்கு மட்டும் நடக்கற பூஜையை ஒருத்தன் ஒளிஞ்சு நின்னு ரெக்கார்ட் பண்ணிட்டுப் போய், அம்பது வருஷம் கழிச்சு பொதுச்சொத்துன்னு வித்தா சும்மா இருப்பீங்களா? அதே ரோஷம்தான் இங்கயும்.

சில கதைய சில குடும்பம்தான் சொல்லலாம். அனிஷினாபேங்கற பூர்வகுடி ஜனங்ககிட்ட நானாபுஷ்ங்கற அவங்க புராண நாயகனோட கதையெல்லாம் தரையில பனி கிடக்கறப்பதான் சொல்லணும், ஜூலைல கேட்டா சொல்ல மாட்டாங்க. இது மூடநம்பிக்கை இல்ல, யாரு எப்ப யாருக்கு சொல்லலாம்ங்கற ஒழுங்கு, அந்த ஒழுங்கும் அந்த அறிவோட சேர்ந்ததுதான்.

இவ்ளோ கறாரா இருக்கறதுக்குக் காரணம் வேணும்னா, நூ-சா-நுல்த் கதை இருக்கு. வான்கூவர் தீவோட மேற்குக் கரை ஜனங்க. அவங்ககிட்ட மூட்டுவாதம் ஜாஸ்தி, அதுக்கு ஆராய்ச்சின்னு சொல்லி 1980-கள்ல பிரிட்டிஷ் கொலம்பியா யுனிவர்சிட்டிலேர்ந்து வந்து 883 பேருகிட்ட ரத்தம் எடுத்தாங்க. மூட்டுவாதத்துக்கு ஒண்ணும் கிடைக்கல. ரத்தம் மட்டும் அந்த ஆராய்ச்சியாளர் கூடவே யூட்டாவுக்குப் போயி, அங்கேர்ந்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போயி, இவங்க மூதாதை எங்கேர்ந்து வந்தாங்கன்னு பேப்பரா வந்துச்சு. குடுத்தவங்களை ஒருத்தரும் கேக்கல. 2004-லதான் ரத்தம் ஊர் திரும்புச்சு. இந்த மாதிரி அனுபவத்துலதான் 1998-ல ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்காரங்க (இனுயிட், மேட்டி தவிர்த்த பூர்வகுடிங்க) ஓகேப்னு (OCAP) ஒரு கொள்கை வகுத்தாங்க. தங்களைப் பத்தின தகவல் தங்களுக்குச் சொந்தம், அதை என்ன பண்றதுன்னு தாங்கதான் முடிவு பண்ணணும், பாக்கணும்னா தங்களுக்கு வழி இருக்கணும், தங்க கைவசமே இருக்கணும், இந்த நாலும்தான்.

அதனால எல்டர்கிட்ட பேட்டி எடுத்துட்டு வந்து அந்த ஆடியோவை ஏதோ ஒரு ஃப்ரீ ஏஐ ஆப்ல ஏத்தி டைப் பண்ண வைக்காதீங்க. கெஞ்சிக் கேக்கறேன். அந்தக் குரல் எந்த நாட்டு சர்வர்ல போய் உக்காரும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அடுத்தது, "வாய்மொழியா சொன்னதெல்லாம் ஆதாரமா மேடம்?" பிரிட்டிஷ் கொலம்பியாவோட கிட்சன், வெட்சுவெட்டன் பூர்வகுடித் தலைவர்கள் நிலத்துக்காக போட்ட டெல்கமூக் வழக்குல மேரி ஜான்சன்ங்கற பெரியம்மா கோர்ட்லயே அவங்க பாட்டைப் பாடறேன்னாங்க, ஜட்ஜ் தன் காதுல அது ஏறாதுன்னு சொல்லிட்டார், 1991-ல தீர்ப்பும் எதிராத்தான் வந்துச்சு. 1997-ல சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணி, வாய்மொழி வரலாற்றை எழுத்து ஆவணத்துக்கு சமமா வெச்சுப் பாக்கணும்னு சொல்லிடுச்சு. சரி, கோர்ட் வேண்டாம். 1845-ல கிளம்பி ஆர்க்டிக்ல காணாம போன ஃப்ராங்க்ளினோட ரெண்டு கப்பல் எங்க இருக்குன்னு ஆர்க்டிக் பூர்வகுடியான இனுயிட் ஜனங்க தலைமுறை தலைமுறையா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அதுல ஒண்ணான எரபஸ் 2014-ல கிடைச்சுது, அவங்க சொன்ன பக்கத்துலயேதான். ஆதாரம் போதுமா?

எல்டர் சொன்னதை எழுதறப்ப ஏபிஏங்கற மேற்கோள் முறைப்படி தனிப்பட்ட உரையாடல்னு அடைப்புக்குள்ள போட்டுட்டு போயிடறீங்க, ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல வர்றதில்ல, ஏதோ வாட்ஸப்ல பேசின மாதிரி. லொரீசியா மெக்லவுட்ங்கற, க்ரீ பூர்வகுடியைச் சேர்ந்த லைப்ரரியன் 2021-ல இதுக்குன்னே ஒரு டெம்ப்ளேட் வெளியிட்டிருக்காங்க, பேரு, நேஷன், ஊரு எல்லாம் போட்டு முழு சோர்ஸா லிஸ்ட்லயே ஏத்தலாம். நிறைய லைப்ரரி வெப்சைட்ல இருக்கு. உங்க ப்ரொஃபசர் ஒத்துக்கலேன்னா எங்ககிட்ட அனுப்புங்க, நாங்க பேசறோம்.

கேட்டலாக்ல தேடறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். இங்க பெரும்பாலான யுனிவர்சிட்டி லைப்ரரில புக்கை அடுக்கறது அமெரிக்காவோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் முறைலதான், அதுல பூர்வகுடின்னா மருத்துவமோ சட்டமோ மீன்பிடியோ பெரும்பாலும் அமெரிக்க வரலாறு அலமாரிக்குப் போயிடும், ஏதோ செத்துப்போன ஜனங்க மாதிரி. கானவாகே ஊரோட மொஹாக் பூர்வகுடியைச் சேர்ந்த லைப்ரரியன் ப்ரையன் டியர் 1970-கள்ல இதுக்கு மாத்தா ஒரு வகைப்பாடே உருவாக்கினார், வான்கூவர்ல யுபிசியோட (அதே பிரிட்டிஷ் கொலம்பியா யுனிவர்சிட்டி) ஹ்வேஹ்வா லைப்ரரில அதைத்தான் வெச்சிருக்காங்க, பக்கத்துப் பக்கத்து நேஷன் பக்கத்துப் பக்கத்து அலமாரில. போனீங்கன்னா சும்மா ஒரு சுத்து சுத்திப் பாருங்க. மத்த இடத்துல தேடறப்ப ரெண்டு பேரையும் போடுங்க, நூ-சா-நுல்த்ன்னு மட்டும் போட்டா பழைய புக் வராது, அதெல்லாம் நூட்கான்னு இருக்கும். தேடத்தான் பழைய பேரு, கட்டுரைல எழுதிடாதீங்க.

இனி செய்ய வேண்டியது. செமஸ்டர் மொத வாரமே வாங்க. பேட்டி எடுக்கணும்னா எத்திக்ஸ் போர்டு உண்டு, ட்ரை-கவுன்சில் பாலிசின்னு கனடாவோட ஆராய்ச்சி நெறிமுறை இருக்கு, அதோட ஒன்பதாவது அத்தியாயம் முழுக்க இதுக்குத்தான், படிச்சுட்டு வாங்க. எல்டரைப் பாக்கப் போறப்ப புகையிலை குடுக்கறது க்ரீ, அனிஷினாபே பக்கம் முறை, அதையே எடுத்துக்கிட்டு இனுயிட் பெரியவர்கிட்டயோ மேற்குக் கரையிலயோ போய் நீட்டாதீங்க, முதல்ல கேளுங்க. 600-க்கு மேல ஃபர்ஸ்ட் நேஷன் இருக்கு, மேட்டி (பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்து உருவான ஜனங்க) தனி, இனுயிட் தனி, எல்லாத்துக்கும் ஒரே முறைன்னு எந்த கைடாவது சொன்னா அந்த கைடை மூடி வைங்க. வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னா டாபிக்கை மாத்துங்க, இன்னொரு எல்டரைத் தேடி ஓடாதீங்க. உண்மையச் சொன்னா, ஃபர்ஸ்ட் இயர் அசைன்மெண்டுக்கு எல்டர் தேவையே இல்ல, பூர்வகுடி எழுத்தாளர்கள் எழுதின புக்கு மூணாவது மாடில ரெண்டு வரிசை இருக்கு, பாதி புக்கை ஒருத்தரும் எடுத்ததே இல்ல.

டிபார்ட்மெண்ட் ஆளுங்க யாராவது படிச்சா, வந்து பேசற எல்டரோட நேரத்துக்கு காசு குடுங்க, அன்னிக்கே குடுங்க. எண்பது வயசுக்காரர் வந்து பேசிட்டுப் போனதுக்கு ஃபைனான்ஸ் ஆபீஸ் வெண்டார் ஃபார்ம் அனுப்பி மூணு மாசம் இழுத்தா அடுத்த தடவை எங்க ஆளு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு போன் பண்ணுவாங்க? ஃபார்மை ஆகஸ்ட்லயே போட்டு வைங்க. லேண்ட் அக்னாலெட்ஜ்மெண்ட்டை நீங்களே எழுதுங்க, யாரோட நிலத்துல நிக்கறீங்கன்னு தேடத் தெரியலேன்னா என்கிட்ட வாங்க, அதுக்கு நானே போதும்.