ஒரே வார்டில் மூன்று இசக்கியம்மாள்

நெல்லைச் சீமையில் குலசாமி பேரைப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. அதனால் அரசு மருத்துவமனையின் பெண்கள் வார்டில் ஒரே நேரத்தில் மூன்று இசக்கியம்மாள் படுத்திருப்பார்கள். ஆண்கள் பக்கம் போனால் சுடலைமுத்து, நெல்லையப்பன். மருந்தும் ரத்தமும் ஆள் மாறிப் போக இதைவிடத் தோதான இடம் ஏது?

மருத்துவமனையின் தரம் என்றதும் ஸ்கேன் உண்டா, புதுக் கட்டடம் உண்டா என்றுதான் கேட்கிறார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் 2007இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஒன்பது நோயாளர் பாதுகாப்பு வழிமுறைகளில் ஆளைச் சரியாக அடையாளம் காண்பதும் ஒன்று. இதற்குப் பெரிய செலவு கிடையாது. கேட்கிற விதம்தான் முக்கியம்.

"இசக்கியம்மாள் நீங்கதானே ஆச்சி?" என்று கேட்டால், இல்லாதவரும் தலையாட்டிவிடுவார். காது மந்தமாக இருக்கலாம், காய்ச்சல் அசதியாக இருக்கலாம். மறுத்துச் சொன்னால் சிஸ்டர் கோபிப்பாரோ என்ற பயமும் உண்டு. ஒரு செவிலியராக நான் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது இதைத்தான்: பேரை நாம் சொல்லக் கூடாது, அவர் வாயால் வர வேண்டும். அதோடு ஐ.பி. நம்பரை, அதாவது உள்நோயாளி எண்ணை, கைப்பட்டையிலும் கேஸ் ஷீட்டிலும் ஒத்துப் பார்க்க வேண்டும். கட்டில் நம்பரை நம்பவே கூடாது. ஃபேனுக்கு அடியில் இடம் காலியானால் கட்டில் மாறிப் படுக்கிறவர்கள் நாம்!

வீட்டுக்காரர் பேரைக் கேட்டாலும் சிக்கல்தான். வயதான ஆச்சிமார் இன்னும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. "திருச்செந்தூர்ல இருக்காருல்லா, அவரு பேருதான்" என்பார்கள். முருகனா, செந்திலா, சுப்பிரமணியனா? அங்கே போய் ஊகித்து எழுதாதீர்கள். ஆதாரையோ கூட வந்தவரையோ கேளுங்கள்.

ஒரே பேரில் இருவர் சேர்ந்தால் இரண்டு கேஸ் ஷீட்டிலும் பளிச்சென்று ஒரு வண்ண ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம். புதுமை என்றால் கணினியாகத்தான் இருக்க வேண்டுமா என்ன?

ரத்தம் ஏற்றும்போது இது உயிர்ப் பிரச்சினை. பொருந்தாத வகை கொஞ்சம் உள்ளே போனாலே ஆபத்து. வகை பார்க்க ரத்த மாதிரி எடுத்ததும் கட்டில் அருகிலேயே, அவர் பேரைக் கேட்டபடியே குழாயில் எழுத வேண்டும். முன்கூட்டி எழுதி வைத்த காலிக் குழாயோடு வார்டைச் சுற்றக் கூடாது. ஏற்றத் தொடங்கிய முதல் 15 நிமிடம் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டும். கூட இருப்பவர்களும் பாருங்கள். நடுக்கம், இடுப்பு வலி, மூச்சுத் திணறல் எது வந்தாலும் உடனே சத்தம் கொடுங்கள். "சிஸ்டர் வேலையாக இருக்காங்க" என்று தயங்க வேண்டாம்.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாமியாருக்கும் மருமகளுக்கும் வந்ததை ஒரே கவரில் போட்டு ஆணியில் மாட்டாமல், தனித்தனி டப்பாவில் பேர் எழுதி வையுங்கள். எழுத்துத் தெரியாதவர் வீட்டில் ஆளுக்கொரு நிறத்தில் டப்பா வைத்தால் போதும்.